ஏழு பேருக்கும் ஒரே கோடு

இது நடந்தது. எங்கே, எப்போது என்று கேட்பவர்களுக்கும் பதில் இருக்கிறது. திருப்பதியில், ரயில் நிலையத்துக்குப் பின்பக்கத் தெருவில், ஒரு காது மூக்கு தொண்டை டாக்டரின் கிளினிக்கில், 1997ஆம் வருடம் ஜூன் மாதம். அதுவும் பட்டப்பகலில். பேய் என்றால் அமாவாசை, நடுராத்திரி, நாய் ஊளை என்று எதிர்பார்த்து வந்தவர்கள் ஏமாந்துதான் போவீர்கள். இன்னொரு விஷயம். இதைப் படித்துக்கொண்டே எதையும் வாயில் போடாதீர்கள். அப்புறம் என்னைத் திட்டக்கூடாது.

காஞ்சனாவுக்கு அப்போது இருபத்தாறு வயது. நகரி பக்கத்தில் கரும்பு போடும் குடும்பம். வேலூரில் காது பரிசோதனை படித்துவிட்டு, திருச்சானூரில் அறை எடுத்துத் தங்கி, ஷேர் ஆட்டோவில் தினமும் கிளினிக்குக்கு வந்துகொண்டிருந்தாள். சுத்தம் என்றால் அவளுக்கு உயிர். ஆட்டோவில் பக்கத்தில் இருப்பவர் தும்மினால் திருச்சானூர் வரைக்கும் மூச்சை அடக்கிக்கொண்டு வருகிற ஜாதி. அப்படிப்பட்டவளுக்குத்தான் இது நடக்க வேண்டும் என்று இருந்திருக்கிறது.

அவள் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஓர் ஆளை அறைக்குள் உட்காரவைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்துக் கதவைச் சாத்துவாள். வெளியே மெஷின் முன்னால் உட்கார்ந்து சின்னச் சின்னச் சத்தமாக அனுப்புவாள். கேட்டால் உள்ளே இருப்பவர் பட்டனை அழுத்த வேண்டும். வெளியே மெஷினில் சிவப்பு லைட் எரியும். எந்தச் சத்தத்தை எவ்வளவு மெதுவாக அனுப்பியும் கேட்டது என்று தாளில் புள்ளி வைத்து, புள்ளிகளைச் சேர்த்துக் கோடு இழுத்தால், அந்தக் கோடுதான் அந்த ஆளின் காது. ஓர் ஆளின் கோடு இன்னோர் ஆளுக்கு அப்படியே வராது. கைரேகை மாதிரி.

டாக்டர் நாகபூஷணம் அந்த வருடம்தான் வெளிநாட்டு மெஷின் வாங்கியிருந்தார். குவைத்துக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிகள் ஊருக்கு ஊர் முளைத்துக்கொண்டிருந்த நேரம். போகிற ஒவ்வொருவருக்கும் மெடிக்கல் சர்டிபிகேட் வேண்டும். டாக்டரும் ஒரு ஏஜென்சியைப் பிடித்துவிட்டார். ஆனால் ரயில் போனால் அவர் மேஜை மேல் டம்ளர் ஆடும். பஸ் ஹாரன் ஒருபக்கம், லாட்ஜ் மைக்செட் ஒருபக்கம். இந்தக் கூச்சலில் யார் காதை யார் பரிசோதிப்பது? பின்னால் இருந்த மருந்து ஸ்டோர் ரூமைச் சத்தம் புகாத அறையாக மாற்றச் சொல்லி எத்திராஜிடம் கொடுத்தார்.

எத்திராஜ் தச்சர். அவரும் நகரிக்காரர்தான். மெட்ராஸில் பாட்டு ரெக்கார்டிங் ஸ்டுடியோவுக்கே வேலை செய்தவன் என்று மார்தட்டுவார். சுவரை ஒட்டி இன்னொரு பிளைவுட் சுவர், நடுவில் கிளாஸ் உல் என்ற கண்ணாடிப் பஞ்சு, அதன்மேல் மெரூன் கலர் துணி. ரப்பர் வைத்த இரட்டைக் கதவு. உள்ளே இருப்பவரைப் பார்க்க ஓர் இரட்டைக் கண்ணாடி ஜன்னல். இருபது நாளில் முடித்துவிட்டார். வெள்ளிக்கிழமை பூசணிக்காய் உடைத்துத் திறந்தார்கள்.

உள்ளே போய்க் கதவைச் சாத்தினால், அப்படி ஒரு அமைதி. தன் எச்சில் தொண்டையில் இறங்குவதே காஞ்சனாவுக்குக் கேட்டது. எத்திராஜ் சொன்னதைச் செய்துவிட்டார் என்று சந்தோஷப்பட்டாள். மூச்சை இழுத்தாள். உடனே வெளியே ஓடிவந்தாள்.

நாற்றம். பெயிண்ட் நாற்றமில்லை. பிளைவுட் நாற்றமும் இல்லை. மாதக்கணக்கில் படுத்தே கிடப்பவர்களின் கட்டில் பக்கத்தில் குனிந்தால் வருமே, மூத்திரமும் புண்ணும் வியர்வையும் பவுடரும் கலந்த ஒரு வாடை, அது. மெல்லிசாகத்தான் இருந்தது. ஆனால் இருந்தது.

டாக்டர் உள்ளே போய் இரண்டு முறை முகர்ந்து பார்த்தார். "புது ரூம் வாடைம்மா. பத்து நாள்ல போய்டும்" என்றார். மூக்கு டாக்டருக்கு மூக்கு வேலை செய்யவில்லை என்றால் யாரிடம் போய்ச் சொல்வது? காஞ்சனா கைக்குட்டையில் யூகலிப்டஸ் தைலம் விட்டுக்கொண்டு வேலையைத் தொடங்கினாள்.

தினமும் காலை முதல் வேலையாக அவளே உள்ளே உட்கார்ந்து, தன் காதை வைத்தே மெஷினைச் சரிபார்க்க வேண்டும். அது அந்தத் தொழிலின் முறை. நான்காம் நாள், 9.10 மணி. பட்டனைக் கையில் எடுத்தாள். பிசுபிசுவென்று இருந்தது.

முந்தின நாள் சாயங்காலம் அவளே ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, ஆணியில் மாட்டிவிட்டுப் போனது. அறைச் சாவி அவளிடம்தான் இருந்தது. மறுபடி பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துத் துடைத்தாள். பஞ்சு மஞ்சளாக வந்தது. முகர்ந்து பார்த்தாள். ஏன் பார்த்தோம் என்று ஆகிவிட்டது. காய்ந்த எச்சில் நாற்றம். பல்லில்லாத வாயோரத்தில் வழிந்து காயுமே, அந்த எச்சில்.

மறுநாளும் அதே. அதற்கு மறுநாள் ஹெட்போனின் ஒருபக்க மெத்தையில் ஈரம். அன்றைக்கு அவள் மதியச் சாப்பாட்டைத் தொடவில்லை. டப்பாவைத் திறந்தாள், தயிர்சாதத்தைப் பார்த்தாள், மூடிவிட்டாள்.

ஜூன் 16, திங்கட்கிழமை. ஏஜென்சி அனுப்பிய முதல் ஏழு பேர் வந்தார்கள். எல்லோரும் இளைஞர்கள். டிரைவர், வெல்டர், கொத்தனார். முதலில் வந்தவன் ஹரிபாபு. வடமாலபேட்டைக்குப் பக்கத்து ஊர், தமிழ்க் குடும்பம். கூலி வேலைக்குப் போகிற வீட்டில் முதன்முதலாக லாரி லைசென்ஸ் எடுத்தவன். இரண்டு வருடம் அலைந்து விசா வந்திருந்தது. சட்டைப்பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தான், பாஸ்போர்ட் இருக்கிறதா என்று. வாசலில் நின்று ஏதோ பாட்டு முணுமுணுத்தான். காஞ்சனா உள்ளிருந்து மெதுவாக "ஹரிபாபு" என்று சொன்னதற்கே, "வந்துட்டேன் மேடம்" என்று ஓடிவந்தான். அவன் காதுக்கு என்ன குறை?

10.15க்கு உள்ளே அனுப்பினாள். பதினைந்து நிமிடம். கோட்டை இழுத்துப் பார்த்தாள். எண்பது வயதுக் கிழவனின் காது.

கோடு தொடக்கத்திலேயே தாழ்ந்து, நடுவில் மட்டும் ஒட்டகத் திமில்போல் ஒரு மேடு ஏறி, அப்புறம் ஒரேயடியாகக் கீழே விழுந்திருந்தது. இந்த மாதிரி மேட்டை அவள் படிக்கும்போதுகூடப் பார்த்ததில்லை.

ஹரிபாபு வெளியே வந்து உள்ளங்கையைப் பேன்ட்டில் தேய்த்தான். "பட்டன் ஈரமா கீது மேடம்" என்றான். அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அடுத்தவனுக்கும் அதே கோடு. அதே மேடு.

மூன்றாமவனுக்கும் அதே.

ஏழாமவன் வரைக்கும் அதே கோடு. ஏழு தாளையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்தில் பிடித்தாள். ஏழும் ஒரே கோடாகத் தெரிந்தது. காலையில் தன் காதுக்குச் சரியாகக் காட்டிய மெஷினில் அதற்குள் கோளாறு என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

டாக்டர் தாள்களைப் புரட்டினார். மெஷினை மெட்ராஸிலிருந்து ஆள் வந்துதான் பார்க்க முடியும், ஒரு வாரம் ஆகும் என்றார். ஏஜென்சியோ அன்றைக்குச் சாயங்காலம் ஏழு மணி பஸ்ஸில் தாள்களை மெட்ராஸுக்கு அனுப்ப வேண்டும் என்று சொல்லியிருந்தது. "நான் என்ன பண்றது? தாள்ல இருக்கறத எழுதறேன்" என்று ஏழு பேருக்கும் தகுதியில்லை என்று எழுதிவிட்டார். ஆறு பேர் திட்டிவிட்டுப் போனார்கள். ஹரிபாபு போகவில்லை. வாசல் படியில் உட்கார்ந்துவிட்டான்.

"எனக்கு வேற வழி இல்ல மேடம். இத வுட்டா நான் மறுபடி களை எடுக்கத்தான் போவணும். ஒரு தபா நல்லா பாருங்க" என்றான்.

இந்த நாற்றம் பிடித்த அறைக்காக ஒருவன் பிழைப்பு போகிறதே என்று காஞ்சனாவுக்கு ஆத்திரமாக வந்தது. டாக்டர் சாப்பிடப் போனதும் மெஷினை ஒருகை பார்த்துவிடுவது என்று முடிவுசெய்தாள்.

மணி 1.50.

அறை காலி. கதவைச் சாத்தினாள். ஹெட்போனும் பட்டனும் உள்ளே ஆணியில் தொங்கின. ஜன்னல் வழியாக அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. சத்தம் சரியாகப் போகிறதா என்று மெஷினில் ஆடும் முள்ளைப் பார்க்க, ஒரு சத்தம் அனுப்பினாள்.

சிவப்பு லைட் எரிந்தது.

அணைந்தது.

ஒயரில் கோளாறு என்று நினைத்தாள். சத்தம் அனுப்பாமல் காத்திருந்தாள். ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். எரியவில்லை. மறுபடி ஒரு சத்தம் அனுப்பினாள்.

எரிந்தது.

சத்தத்தைக் குறைத்தாள். எரிந்தது. இன்னும் குறைத்தாள். எரியவில்லை. கொஞ்சம் கூட்டினாள்... எரிந்தது.

அவள் கை தானாகப் பென்சிலை எடுத்தது. படித்த படிப்பு அப்படி. புள்ளி வைத்தாள். அடுத்த சத்தம். அடுத்த புள்ளி. ஜன்னலுக்கு அப்பால் நாற்காலி காலியாகத்தான் இருந்தது. பட்டன் ஆணியில்தான் தொங்கியது.

மெல்ல ஆடியது.

2.04. கோட்டைச் சேர்த்தாள்.

தாழ்வு. மேடு. சரிவு.

எட்டாவது தாள்.

ஓடியிருக்கலாம். ஓடவில்லை. கதவைத் திறந்தாள். நாற்றம் முகத்தில் அடித்தது. நாற்காலியின் ரெக்சின் குழிந்திருந்தது. யாரோ எழுந்துபோனால் மெல்ல மெல்ல மேலே எழும்புமே, அப்படி எழும்பாமல் குழிந்தே இருந்தது.

ஹெட்போனை எடுத்தாள். மெத்தை வெதுவெதுவென்று இருந்தது. ஒருபக்கத்தை மட்டும், காதில் படாமல், பக்கத்தில் பிடித்தாள்.

மூச்சு.

சளி கட்டிய மூச்சு. கொர்... கொர்... நெஞ்சுக்குள் கஞ்சி கொதிப்பதுபோல். நடுவில் ஈறோடு ஈறு ஒட்டிப் பிரியும் சத்தம். ப்ளக்.

பிறகு நின்றது.

மூச்சை அடக்கிக்கொண்டு எதையோ உற்றுக் கேட்பது மாதிரி.

காஞ்சனா வாஷ்பேசினுக்கு ஓடி வாந்தியெடுத்தாள்.

பக்கத்துத் தெருவில் ஓர் ஓட்டலுக்கு மேஜை செய்துகொண்டிருந்த எத்திராஜுக்கு ஆள் அனுப்பினாள். 3.15க்கு வந்தார். காதில் பென்சில், தலையில் மரத்தூள்.

"அண்ணா, சொவத்துக்குள்ள இன்னா வெச்ச?"

"கண்ணாடிப் பஞ்சுதாம்மா."

"பொய் சொல்லாத. உள்ள போயி பத்து நிமிசம் உக்காரு, பாக்கலாம்."

எத்திராஜ் உட்காரத் தயாராக இல்லை. அதைப் பார்த்ததுமே காஞ்சனாவுக்குப் புரிந்துவிட்டது. கொஞ்ச நேரம் மரத்தூளைத் தட்டிக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார். மெட்ராஸிலிருந்து வந்த கண்ணாடிப் பஞ்சு மூன்று சுவருக்குத்தான் வந்தது. நாலாவது சுவருக்குப் பற்றவில்லை. வெள்ளிக்கிழமை திறப்புவிழா என்று டாக்டர் விரட்டினார். பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு லாட்ஜில் பழைய மெத்தைகளைத் தூக்கிப் போட்டிருந்தார்கள்.

"பஞ்சுதானம்மா. இலவம்பஞ்சு. சத்தத்த அதுவும் நல்லாத்தான் துன்னும்."

"லாட்ஜ் மெத்தையா? கண்டவன் படுத்துக்கினு இருந்ததையா?"

எத்திராஜ் உளியை எடுத்தார்.

நாற்காலிக்குப் பின்பக்கச் சுவர். மெரூன் துணியை உரித்தார். பிளைவுட்டின் அடியில் உளியை வைத்து நெம்பினார். பலகை வாயைத் திறந்தது. இருவரும் பின்னால் நகர்ந்தார்கள்.

பஞ்சு வெள்ளையாக இல்லை. பழுப்பு. நடுவில் கறுப்பு. எத்திராஜ் மெத்தையைப் பிரிக்கக்கூட இல்லை, சோம்பேறித்தனத்தில் அப்படியே நிமிர்த்திச் செருகியிருந்தார். அதன்மேல் கறை. தலை, தோள், இடுப்பு என்று ஆள் உயரத்துக்கு ஒரு கறை. வெயில் கொளுத்தும் ஜூன் மாதத்தில் அது ஈரமாக இருந்தது. மூட்டைப்பூச்சிகள் தையலோரம் வரிசையாக ஒட்டியிருந்தன. உயிரோடுதான். இத்தனை நாளாக அடைத்த சுவருக்குள் எதைத் தின்று உயிரோடு இருந்தன? எத்திராஜ் இழுத்ததும் துணி கிழிந்து, நரைமுடி ஒரு கற்றையும், மஞ்சளாகப் பழுத்த கால் நகம் ஒன்றும் கீழே விழுந்தன.

"த்தூ" என்றார் எத்திராஜ். துப்பவும் செய்தார், கிளினிக் தரை என்றும் பார்க்காமல். காஞ்சனா அவரை ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்கும் துப்ப வேண்டும்போல்தான் இருந்தது.

டாக்டர் வந்து பார்த்தார். முதலில் முகத்தைச் சுளித்தார். அப்புறம் அந்த மனுஷர் சொன்னதைக் கேளுங்கள். "டெட்டால் தெளிச்சு மூடிடலாமா? நாளைக்கு இன்னும் பத்துப் பேர் வராங்க." மெத்தையைவிட இதுதான் அருவருப்பாக இருந்தது என்று காஞ்சனா பிற்பாடு சொன்னாள். அன்றைக்கு வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு டாக்டரிடம் கத்தினாள். எத்திராஜ் மெத்தையைக் கோணியில் சுற்றி, சுவர்ணமுகி ஆற்றுமணலில் போட்டுக் கொளுத்திவிட்டு வந்தார். தலையோடு குளித்துவிட்டும் வந்தார்.

மணி 5.20. ஹரிபாபு இன்னும் படியிலேயே இருந்தான்.

சுவர் திறந்து கிடந்தது. அறையை உபயோகிக்க முடியாது. ஆனால் குற்றம் அறையில்தான், இவன் காதில் இல்லை என்பதில் காஞ்சனாவுக்குச் சந்தேகமே இல்லை. கைவைத்தியம் மாதிரி ஒரு சோதனை உண்டு. ஆளைத் திரும்பி உட்காரவைத்து, ஆறடி பின்னால் நின்று, ரகசியக் குரலில் சொல்வதைத் திருப்பிச் சொல்லச் சொல்வது. அறை ஜன்னலைப் பார்த்தபடி அவனை ஒரு ஸ்டூலில் உட்காரவைத்தாள். பின்னால் போய் நின்றாள்.

"ரேணிகுண்டா" என்று மூச்சுக்காற்றாகச் சொன்னாள்.

"ரேணிகுண்டா."

"நாப்பத்தி மூணு."

"நாப்பத்தி மூணு."

"மாம்பழம்."

"மாம்பழம்" என்றான் ஹரிபாபு. முதுகு விறைத்து, கண்சிமிட்டாமல் உட்கார்ந்திருந்தான்.

பத்துக்குப் பத்து. காஞ்சனா புதுத் தாளை எடுத்தாள். ஆரோக்கியமான காது எப்படி இருக்குமோ அப்படி, தன் கையாலேயே ஒரு கோடு இழுத்தாள். நேரான, அழகான கோடு. "நான் பொறுப்பு சார்" என்றாள். டாக்டர் கையெழுத்துப் போட்டார். ஏழு மணி பஸ்ஸில் தாள் போய்விட்டது. ஹரிபாபு அவள் காலைத் தொட்டுக் கும்பிட்டான்.

நாலாவது சுவருக்குக் கண்ணாடிப் பஞ்சு வந்தது. நாற்றம் போனது. பட்டன் காலையில் காய்ந்து கிடந்தது. வந்தவர்களுக்கெல்லாம் அவரவர் கோடு வந்தது. மெஷினைப் பார்க்க வந்த ஆள், கோளாறு ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். காஞ்சனா மறுபடி தயிர்சாதம் சாப்பிடத் தொடங்கினாள். ஒருவன் பிழைப்பைக் காப்பாற்றினோம் என்று மனதுக்குள் ஒரு பெருமைகூட இருந்தது.

அக்டோபர் 9, வியாழக்கிழமை. காலை 11.20.

ஹரிபாபு வந்தான்.

இளைத்துப்போயிருந்தான். காஞ்சனா பேர் சொல்லிக் கூப்பிட்டாள். திரும்பவில்லை. எதிரில் போய் நின்ற பிறகுதான் பார்த்தான். "குவைத்லேர்ந்து அனுப்பிச்சுட்டாங்க மேடம்" என்றான். ரோட்டுக்கே கேட்கிற சத்தத்தில் சொன்னான்.

தண்ணீர் லாரி ஓட்டக் கொடுத்திருக்கிறார்கள். பின்னால் வந்த வண்டியின் ஹாரன் கேட்கவில்லை. மயிரிழையில் தப்பித்தான். கம்பெனி டாக்டர் காதைச் சோதித்துவிட்டு ஊருக்கு அனுப்பிவிட்டார். அந்தத் தாளின் நகலை நீட்டினான்.

தாழ்வு. மேடு. சரிவு.

காஞ்சனா ஒரு தாளில் எழுதிக் காட்டினாள். 'அன்னைக்கு எல்லாம் சரியாச் சொன்னியே?'

ஹரிபாபு தலையைக் குனிந்துகொண்டான். "கண்ணாடில உங்க வாயப் பாத்துக்கினு சொன்னேன் மேடம்."

அறை ஜன்னல். இரட்டைக் கண்ணாடி. எதிரில் அவனை உட்காரவைத்ததே அவள்தான்.

"ரூமுக்குள்ள போம்போது காது நல்லாத்தான் இருந்துது. வெளிய வந்தேன்... பஸ்ஸு சத்தம் இல்ல. ரயிலு சத்தம் இல்ல. சொன்னா விசா பூடும்னு சொல்லல."

'இப்ப எதுவுமே கேக்கலையா?' என்று எழுதினாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்குது மேடம்." இரண்டு உள்ளங்கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டான். "பொத்துனாலும் கேக்குது. சோறு துன்ன முடியல. ஒரு கெயவன் மூச்சு. சளி மூச்சு. அப்பப்ப நிறுத்திட்டு, கதவு தட்றாங்களா பாரு, கதவு தட்றாங்களா பாருன்னு..."

அவன் அழுதான். அழுகிற சத்தம் அவனுக்கே கேட்காததால் எப்படி அழுவது என்று தெரியாமல் அழுதான்.

காஞ்சனாவுக்குத் தன் வலதுகையைப் பார்க்கவே பிடிக்கவில்லை. அந்த அழகான கோட்டை இழுத்த கை. அவனை உட்காரச் சொல்லிவிட்டு, எத்திராஜிடம் லாட்ஜ் எது என்று கேட்டுக்கொண்டு நேரே போனாள்.

12.45. லாட்ஜ் மேனேஜர் ரங்கையா பாக்கு மென்றுகொண்டிருந்தார். பழைய மெத்தை என்றதும் மெல்வதை நிறுத்தினார். முதலில் ஒன்றும் தெரியாது என்றார். காஞ்சனா நகரவில்லை. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

மார்ச் மாதம். ஓர் அப்பாவும் மகனும் வந்தார்கள். அப்பாவுக்குக் கால் விளங்காது. காதும் கேட்காது. மகன் தூக்கிக்கொண்டுதான் வந்தான். மலைக்குப் போய் வேண்டுதல் முடித்துவிட்டுத்தான் கிளம்புவோம், பதினோரு நாள் ரூம் வேண்டும் என்றான். மறுநாளே மகன் போய்விட்டான். குவைத்துக்குப் போய்விட்டான் என்று போலீஸ் சொல்லித்தான் தெரியும். ஒன்பதாம் நாள் பக்கத்து ரூம்காரர்கள் நாற்றம் என்று சொன்னார்கள்.

"அந்த மெத்தைய வெளிய போட்டோம். உங்க தச்சர் எடுத்துக்கினு போனார். நாங்க தரலம்மா, அவரா எடுத்தார்" என்றார் ரங்கையா.

கிழவரின் பை ஒன்று, யாரும் வந்து வாங்காமல், பீரோவுக்கு மேலே கிடந்தது. அதில் ஒரு வேட்டி, ஒரு விபூதிப் பொட்டலம், நாலாக மடித்த ஒரு தாள். காஞ்சனா தாளைப் பிரித்தாள். ஏதோ ஓர் ஆஸ்பத்திரியில் காது சோதித்த தாள். தேதி, இரண்டு வருடத்துக்கு முந்தையது.

மேட்டைப் பார்த்ததும் மடித்துவிட்டாள்.

வாயைப் புடவைத் தலைப்பால் பொத்திக்கொண்டாள். ஒன்றே ஒன்று மட்டும் கேட்க வேண்டியிருந்தது.

"அத்தன நாள்ல நீங்க எத்தன தடவ கதவத் தட்டுனீங்க?"

ரங்கையா அவளைப் புரியாமல் பார்த்தார்.

"அந்தப் பையன் வெளிய பூட்டி, சாவிய எடுத்துக்கினு போயிட்டாம்மா. பூட்டுன ரூம யாராச்சும் தட்டுவாங்களா?"